15 வயது சிவப்பு ஆல்டோ: பெயிண்டை வீட்டிலேயே தேற்ற முடியுமா?

கே.புதூர்வாசி:

வணக்கம். சித்தப்பா 2011-இல் வாங்கிய ஆல்டோ இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. சிவப்பு, டி.என். 59 பதிவு. இன்ஜின், கியர், ஏசி எதிலும் குறை சொல்ல முடியாது. வெளித்தோற்றம்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

இத்தனை வருடமும் வண்டி தெருவில், ஒரு புங்க மரத்தடியில் நின்றது. காலையில் நிழல், மதியத்துக்கு மேல் முழு வெயில். பானெட்டும் கூரையும் வெளிறி ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டன. கூரையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டுகள். அதன் ஓரத்தில் நகத்தை வைத்தால் மெல்லிய ஏடாக உரிந்து வருகிறது.

ஆடியில் அழகர்கோயிலுக்குப் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பானெட் மேல் குரங்குகள் வாழைப்பழத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கீறல்கள் தனி. இடது முன்கதவில் ஒரு நீளக் கீறல்: மாசி வீதி நெரிசலில் யாரோ பைக் ஃபுட்ரெஸ்ட்டால் இழுத்தது. உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. போன ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தின் தடமும் பானெட்டில் வட்டமாக அப்படியே இருக்கிறது.

பட்டறையில் கேட்டேன். முழு வண்டியும் அடித்தே ஆக வேண்டும் என்று சொல்லி அவர்கள் கேட்ட தொகையில், இன்னும் கொஞ்சம் போட்டால் இதே மாதிரி இன்னொரு பழைய ஆல்டோ வாங்கிவிடலாம். 15 வருடம் முடிவதால் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ.வில் காட்டவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்யக்கூடியது எது, தொடவே கூடாதது எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாலிஷ் மெஷின் கிடையாது. கை மட்டும்தான்.

டவுன்ஹால் ரோடு:

எதற்கு இவ்வளவு யோசனை? கீறலுக்கு வெள்ளை டூத்பேஸ்ட் வைத்துத் தேயுங்கள். அப்புறம் ஒரு துணியில் கொஞ்சம் டீசல் தொட்டு வண்டி பூராவும் துடைத்தால் புது வண்டி மாதிரி இருக்கும். எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பழைய ஸ்ப்ரேகன்:

டீசல் துடைத்தால் பளபளப்பது உண்மைதான். எண்ணெய் கீறலுக்குள் இறங்கி நிற்பதால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நாள் தூசி ஒட்டியதும் முன்பைவிட மோசமாகத் தெரியும். ரப்பர் பீடிங்கையும் ஊறவைத்துக் கெடுக்கும். டூத்பேஸ்ட்டில் தேய்க்கும் சக்தி கொஞ்சம் உண்டு, ஆனால் அது பல்லுக்கு அளந்து செய்தது. பெயிண்டுக்கு என்று சீராக அரைத்த காம்பவுண்டு, அதாவது தேய்க்கும் பசை, சின்ன டப்பாவில் கிடைக்கும்போது அது எதற்கு?

தம்பி, எனக்கு டிங்கரிங் பட்டறையில் பெயிண்டராகவே காலம் போய்விட்டது. இப்போது மகன் பார்க்கிறான், நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் தோன்றியது: நீங்கள் ஒரு வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் நாலு வேறு வேறு கோளாறு இருக்கிறது. நாலுக்கும் ஒரே மருந்து கேட்டால் பட்டறைக்காரர் முழுப் பெயிண்ட் என்றுதான் சொல்வார். அவருக்கும் அதுதான் சுலபம்.

தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும்போது இவை எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் 40, 50 மைக்ரான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேய்க்கப்போவது அந்தக் கிளியரைத்தான். தேய்த்த அளவு போனது போனதுதான், திரும்ப வளராது. அதனால் முதலில் கையில் எடுக்க வேண்டியது காம்பவுண்டு இல்லை, ஒரு வாளித் தண்ணீர்.

வண்டியை நன்றாகக் கழுவுங்கள். பாத்திரம் விளக்கும் சோப்பு வேண்டாம், கார் ஷாம்பு. புங்க மரத்தடியில் நின்ற வண்டி என்றால் பூச்சிகள் சொட்டிய பிசின் மாதிரியான ஒட்டல் மேலே பரவியிருக்கும். கழுவிய பிறகும் கையை வைத்துத் தடவினால் நறநறவென்று இருந்தால் கிளே பார் என்று ஒரு களிமண் கட்டி விற்கிறார்கள், ஷாம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே அதை லேசாக ஓட்டுங்கள். கீழே விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மண் ஒட்டிய கட்டியை மறுபடி தேய்த்தால் புதுக் கீறல் இலவசம்.

இப்போது சோதனை. பானெட்டின் வெளிறிய இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது நல்ல சிவப்பு தெரிந்தால், மங்கல் கிளியரின் மேல்தோலில் மட்டும் இருக்கிறது, தேய்த்தால் திரும்பும். ஈரத்திலும் ரோஸாகவே இருந்தால் அடியில் நிறமே வெளுத்துவிட்டது, எந்தப் பாலிஷும் அதை மாற்றாது. குரங்குக் கீறலுக்கும் இதே தண்ணீர்தான். நனைத்ததும் மறைகிற கீறல் கிளியருக்குள் இருக்கிறது. மறையாமல் நகத்தையும் தடுத்து நிறுத்துகிற கீறல் ஆழமானது, அதை மட்டமாக்குகிறேன் என்று சுற்றிலும் தேய்க்காதீர்கள்.

அடுத்து, வெள்ளைப் பனியன் துணியில் பட்டாணி அளவு காம்பவுண்டு எடுத்து ஒவ்வொரு தகட்டிலும் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணி அழுக்காகலாம், சிவப்பாகக் கூடாது. சிவப்பானால் அங்கே கிளியர் இல்லை, நிறமே மேல்பூச்சு. சிங்கிள் ஸ்டேஜ் என்போம். கூரை, பானெட், நாலு கதவு, டிக்கி என்று தனித்தனியாகப் பாருங்கள்.

அந்தச் சந்தன வட்டம் சுற்றியுள்ள இடத்தைவிட அடர்ந்த சிவப்பா, வெளிறியதா? அதையும் சொல்லுங்கள்.

ஆனையூர் டீச்சர்:

எங்கள் வெள்ளை வேகன் ஆர்-இல் கீறல் இல்லை, ஆனால் உடம்பெல்லாம் சொட்டுச் சொட்டாக வெள்ளை வட்டம். போர் தண்ணீரில் கழுவி வெயிலிலேயே காயவிடுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தேய்த்தாலும் போகவில்லை. இதற்கும் காம்பவுண்டுதானா?

பழைய ஸ்ப்ரேகன்:

இல்லை டீச்சர். அது போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து காய்ந்து படிந்தது. வெள்ளை வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது துணியில் நனைத்து ஓரிரு நிமிடம் ஒற்றி வையுங்கள். கரைந்துவிடும். அப்புறம் நிறையத் தண்ணீர் விட்டு அலசித் துடைத்துவிட வேண்டும். அதன் பிறகும் பள்ளம் மாதிரி வட்டம் தெரிந்தால்தான் காம்பவுண்டு. இனிமேல் கழுவியதும் ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுத்துவிடுங்கள், அம்புட்டுதான்.

கே.புதூர்வாசி:

அண்ணே, ரொம்ப நன்றி. சொன்னபடியே பார்த்தேன். பானெட் நனைந்ததும் நல்ல சிவப்பு, காய்ந்தால் மறுபடி ரோஸ். குரங்குக் கீறல் பெரும்பாலும் தண்ணீரில் மறைகிறது, இரண்டு மட்டும் நகத்தில் தட்டுகிறது. கூரைத் திட்டு ஈரத்திலும் திட்டாகவே இருக்கிறது. சந்தன வட்டம் சுற்றிலும் உள்ளதைவிட அடர்த்தி.

விஷயம் என்னவென்றால் துணிச் சோதனை. எல்லா இடத்திலும் துணி சாம்பல் நிற அழுக்குத்தான். இடது முன்கதவில் மட்டும் குங்குமம் தொட்ட மாதிரி சிவப்பாக வந்துவிட்டது! நான் அதிகமாகத் தேய்த்துக் கிளியரைத் தாண்டிவிட்டேனா?

பழைய ஸ்ப்ரேகன்:

பயப்படாதீர்கள். கையால் நாலு தேய்ப்பில் கிளியரைத் தாண்ட முடியாது. அந்தக் கதவு எப்போதோ வெளியே அடிபட்டு, வெளியே பெயிண்ட் வாங்கியிருக்கிறது. கம்பெனி பெயிண்ட் என்றால் எல்லாத் தகட்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணாடிக்குக் கீழே உள்ள ரப்பர் பீடிங்கின் ஓரத்தையும், கதவைத் திறந்து கீல் போல்ட்டுகளையும் பாருங்கள். ரப்பரில் சிவப்புத் தூறல் இருக்கும், இல்லை போல்ட் தலையில் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உடைந்திருக்கும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவில் வைத்து, மற்றக் கதவிலும் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பிடிப்பு தளர்ந்தால் அங்கே பள்ளத்தை நிரப்பும் பட்டி தடிமனாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சித்தப்பாவிடம் மெதுவாக விசாரியுங்கள்.

அந்தக் கதவு உங்களுக்குக் கஷ்டமும் இல்லை. சிங்கிள் ஸ்டேஜ் சிவப்பு வெயிலில் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகும், தேய்த்தால் பூத்தது துணியோடு வந்துவிடும், அடியில் நிறம் இருக்கும். கொஞ்சமாகத் தேய்த்தாலே போதும்.

பானெட்டுக்கு வருவோம். சந்தன வட்டம் அடர்த்தியாக இருப்பது நல்ல செய்தி. சந்தனம் மூடியிருந்த இடத்தில் வெயில் படவில்லை, அதனால் அங்கே கிளியர் பழுதாகவில்லை. சுற்றிலும் தேய்த்து மீட்டால் வட்டம் தானாகக் கலந்துவிடும். வட்டத்தைத் தேய்க்காதீர்கள், அதைச் சுற்றித் தேயுங்கள்.

வேலையைக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். நம் ஊர் மதிய வெயிலில் நின்ற பானெட்டில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் காம்பவுண்டு நிமிடத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். விளிம்பு, மடிப்பு, பானெட்டில் கோடு எழும்பி வரும் இடம் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அங்கே கிளியர் எப்போதும் மெல்லிசு, முதலில் ஓட்டை விழுவது அங்கேதான். இரண்டடிக்கு இரண்டடி இடத்தை எடுத்துக்கொண்டு, ஃபோம் அப்ளிகேட்டரில் காம்பவுண்டு தொட்டு, முதலில் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும், சீரான அழுத்தத்தில் தேயுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள், எங்கே எவ்வளவு தேய்த்தோம் என்ற கணக்கு போய்விடும். 3எம் ரப்பிங் காம்பவுண்டு போதும், மெகுயர்ஸ் வாங்க வசதி இருந்தால் கையால் தேய்க்க அது இன்னும் சுகம். துடைக்க மைக்ரோஃபைபர் துணி. பழைய வேட்டி வேண்டாம், அதன் தையல் ஓரம் கீறும்.

துடைத்ததும் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி நிற்கும். டீசல் விவகாரம்தான், கொஞ்சம் கௌரவமான டீசல். மருந்துக்கடையில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்கிச் சரிபாதி தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் நிஜம். முக்கால்வாசி கீறல் போனால் நிறுத்திவிடுங்கள். மிச்சத்தையும் விரட்டினால் கிளியரைத்தான் செலவழிக்கிறீர்கள். இது பத்து வருடம் ஓட வேண்டிய வண்டி, கண்காட்சிக்குப் போகப்போவதில்லை. கடைசியாக வேக்ஸ் ஒரு கை. நம் வெயிலில் அது சில மாதம்தான் நிற்கும், மறுபடி போட வேண்டும்.

நகத்தில் தட்டும் கீறல்களுக்கும் கதவின் நீளக் கீறலுக்கும் டச்-அப் பெயிண்ட். சாம்பல் நிறம் என்றால் பிரைமர், இல்லை பட்டி. தகடு தெரியவில்லை என்பது வரை நிம்மதி. பழுப்பாகத் துரு தெரிந்தால் முதலில் அதைச் சுரண்டி, துரு மாற்றும் திரவம் தொட்டு, பிரைமர் வைத்த பிறகுதான் நிறம். ஐப்பசி மழைக்கு முன் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பானெட்டைத் திறந்தால் இன்ஜின் அறையில் ஒரு தகடு இருக்கும், அதில் நிறக் குறியீடு இருக்கும். பெயிண்ட் கடையில் அதைச் சொல்லி வாங்குங்கள். பாட்டிலோடு வரும் பிரஷ் துடைப்பக்கட்டை. அதைத் தொடாமல் பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்துக் கீறலுக்குள் மட்டும் ஓடவிடுங்கள். மெல்லிசாக ஒரு தடவை, நன்றாகக் காயவிட்டு இன்னொரு தடவை, பக்கத்தைவிட மயிரிழை மேலே நிற்கும்வரை. ஒரு வாரம் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு அழிரப்பரில் சுற்றி, மேலே நிற்கும் பெயிண்டை மட்டும் மட்டப்படுத்தி, காம்பவுண்டு போடுங்கள். பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும். நாலடி தள்ளி நின்றால் தெரியாது.

மேலூர் ரோடு:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் தினமும் கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிறவன். எங்கள் அப்பார்ட்மென்டில் ஒரு பையன் காலையில் எல்லா வண்டியையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போவான். மாதச் சம்பளம் கொடுத்துக் கீறல் வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது துடைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தூசியோடு போகிறேன், வண்டி நன்றாக இருக்கிறது.

பழைய ஸ்ப்ரேகன்:

சரியாகச் சொன்னீர்கள். கிரானைட் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது கண்ணாடியையே கீறும், கிளியர் கோட் எம்மாத்திரம். பட்டறைக்கு வரும் வண்டிகளில் டார்ச் அடித்தால் சிலந்தி வலை மாதிரி தெரிகிற வட்டக் கீறல் பெரும்பாலும் இந்தக் காய்ந்த துணி உபயம்தான். முதலில் தண்ணீர் பீய்ச்சித் தூசியை இறக்கிவிட்டு, இரண்டு வாளி வைத்துக் கழுவ வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர்.

கே.புதூர்வாசி:

சித்தப்பா "கதவா? அதெல்லாம் ஒன்றும் இல்லையே" என்றார். சித்திதான் உள்ளே இருந்து, "திருமங்கலம் கல்யாணத்துக்குப் போனப்ப ஆட்டோக்காரன் இடிச்சது யாரு வண்டிய?" என்று குரல் கொடுத்தார். காந்தமும் கதவின் நடுவில் பிடிக்கவில்லை. மர்மம் தீர்ந்தது.

பானெட்டில் பாதி முடித்துவிட்டேன். தோள்பட்டை வலி உயிர் போகிறது, ஆனால் முடித்த பாதியையும் முடிக்காத பாதியையும் பார்க்க வேறு வேறு வண்டி மாதிரி இருக்கிறது. வட்டம் காணவில்லை.

மிச்சம் கூரைதான். கடையில் ஸ்ப்ரே கேன் கிளியர் வைத்திருக்கிறார்கள். உரிந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு அதை அடித்தால் ஆகாதா? இல்லாவிட்டால் கூரை முழுவதும் கறுப்பு அடித்துவிடலாமா என்று மச்சினன் கேட்கிறான். இப்போது வரும் கார்களில் அதுதானே அழகு.

பழைய ஸ்ப்ரேகன்:

உரிந்த கிளியருக்கு ஒட்டுப்போட முடியாது தம்பி. இன்று நல்லதாகத் தெரியும் ஓரமும் அடியில் பிடிப்பு விட்டிருக்கும். நீங்கள் அடித்த திட்டைச் சுற்றி அடுத்த கோடையில் புது வளையமாக உரியும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கேனில் ஹார்டனர் என்ற கெட்டியாக்கும் மருந்து கிடையாது, வெறும் காய்ந்து இறுகும் சரக்கு. காய்ந்த பிறகும் தின்னர், பெட்ரோல் பட்டால் இளகும். நம் வெயிலில் கூரை மேல் ரொம்ப நாள் தாங்காது.

ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர்தான் நிற்கும். அதை வீட்டில் அடிக்காதீர்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, மூக்கில் கட்டும் துணியும் சாதாரண மாஸ்க்கும் அதைத் தடுக்காது. எங்கள் காலத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்தோம். நான் இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்கிறேன், மகனிடம் காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் இல்லாமல் ஸ்ப்ரே கன்னைத் தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அதனால் கூரையை மட்டும் பட்டறையில் கொடுங்கள். முழு வண்டி என்று மறுபடி ஆரம்பிப்பார்கள், அசையாதீர்கள். கூரை மட்டும் என்று சொல்லி, பழைய கிளியரை முழுக்க வாட்டர் பேப்பரில் இறக்கி, விளிம்புவரை தேய்த்து அடிக்கிறார்களா என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், பின்கண்ணாடி பீடிங்கைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள், உரிதல் அந்த ஓரத்திலிருந்துதான் மறுபடி கிளம்பும். பானெட்டையும் கதவுகளையும் தேய்த்து முடித்த பிறகு வண்டியைக் கொண்டுபோங்கள். வெளிறிய சிவப்பைப் பார்த்து நிறம் கலக்கிவிட்டால் நீங்கள் மீட்ட சிவப்புக்கு அது சேராது.

கறுப்புக் கூரை பற்றி: நமக்கு இருக்கிற வெயில் போதாதா? ஏசி இன்னும் திணறும். ஆர்.சி.யில் வண்டியின் நிறம் எழுதியிருக்கும், நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லிப் பதிய வேண்டும். கூரை மட்டும்தானே என்று நீங்கள் வாதாடலாம், ஆனால் 15 வருடம் முடிந்து இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்தும் நேரத்தில் அந்த வாதம் எதற்கு? புதுப்பித்தால் இன்னும் 5 வருடத்துக்குக் கவலை இல்லை. மச்சினனிடம் சிவப்பே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அடித்து வந்த கூரையில் ஒரு மாதத்துக்கு வேக்ஸ் போடாதீர்கள், உள்ளே இருக்கும் தின்னர் ஆவியாகி வெளியேற வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.